மூடுகல்லைச் சுமந்தவர்கள்

கெலமங்கலம், இராயக்கோட்டைப் பகுதிச் சாலைகளில் கருங்கல் பாளங்களைச் சுமந்து செல்லும் லாரிகளைப் பலரும் கண்டிருப்பர். மலையை அறுத்து விற்கும் இத்தொழில் இம்மாவட்டத்தில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. எந்திரங்கள் இல்லாத காலத்திலும் இம்மலைகளில் மனிதர் கல்லைப் பெயர்த்தனர். ஆனால் விற்பதற்காக அன்று, இறந்தோருக்காக.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில், மலையுச்சியில், பெருங்கற்காலக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றி, ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளையிட்டிருக்கிறார்கள். இத்தகைய சின்னங்களைத் தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் 'பாண்டவர் வீடு' என்பர். இது மனிதர் செய்யக்கூடிய வேலையன்று என்ற வியப்பே அப்பெயரில் ஒலிக்கிறது.

இதே மாவட்டத்தில் பர்கூருக்கு அருகேயுள்ள மயிலாடும்பாறையில் 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு நடத்தினார். 2021இல் மாநிலத் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. அங்கு இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022 மே மாதத்தில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது நாம் பெருமிதம் கொண்டோம். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் இரும்பு அதனினும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது என்ற முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டுகளுக்குள் பெருமை இடம் மாறிவிட்டது. 'யார் மூத்தவர்?' என்ற கேள்வியை மட்டும் கொண்டு அகழாய்வை நோக்குவோமாயின், அடுத்த குழி தோண்டப்படும்வரைதான் நம் மகிழ்ச்சி நிலைக்கும்.

நிலைத்து நிற்கும் செய்தி வேறொன்று. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பலவற்றில் முழு உடல் வைக்கப்படவில்லை; உடல் அழிந்தபின் திரட்டிய எலும்புகளே வைக்கப்பட்டன. அழுகை ஓய்ந்த பின்னும் அம்மக்கள் இறந்தவரை மறவாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊர் மாண்டோர் அனைவருக்கும் இச்சிறப்புக் கிட்டியிராது. தலைவனுக்கு அஞ்சிச் சுமந்தார்களா, அன்பினால் சுமந்தார்களா என்பதையும் கற்கள் சொல்வதில்லை. எனினும், கைம்மாறு செய்ய இயலாத ஒருவருக்காக ஊர் தன் உழைப்பைக் கொடுத்தது என்பது மெய்.

அப்படியாயின், அவர்கள் மூடியதை நாம் திறப்பது முறையா? புதையலுக்காக உடைப்பவனும் ஆய்வாளரும் ஒரே கல்லைத்தான் நகர்த்துகிறார்கள். முன்னவன் அங்கே பொருளைத் தேடுகிறான். பின்னவர் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, வரைந்து, பதிவு செய்து, மறக்கப்பட்ட மனிதரைத் தேடுகிறார். எண்ணிட்ட பெட்டிக்குள் இருப்பது ஒருவரின் தந்தை, ஒருவரின் மகள் என்னும் நினைவு இருக்கும்வரை அத்தேடலும் ஒரு மரியாதையே. அந்நினைவு அகன்றால் அறிவும் களவாகிவிடும்.

பசித்தோர்க்கு உணவளித்தல் முதலிய ஆறு இரக்கச் செயல்களை மத்தேயு நற்செய்தியிலிருந்து பெற்ற திருச்சபை, இறந்தோரை அடக்கம் செய்தலை ஏழாவதாகச் சேர்த்தது. அதற்கு முன்மாதிரி தோபித்து. நினிவேயில் நாடு கடத்தப்பட்டவராய் வாழ்ந்த அவர், அரசனின் சினத்துக்கு ஆளாகியும் தம் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்தார்.

அந்நிய மண்ணில் இறப்போர் இன்று நம் நடுவிலும் உண்டு. ஓசூரை ஒட்டிய தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் இங்கே உயிர்நீத்தால், அவருடைய ஊரின் பெயரையாவது அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஊருக்கு எடுத்துச் செல்லப் பணம் திரட்டுவது யார்? இயலாதபோது இங்கேயே இடம் தேடி, அருகில் நிற்பது யார்?

நவம்பர் 2 அன்று நம்மவர் கல்லறைகளுக்கு மலரும் மெழுகுவத்தியும் கொண்டு செல்கிறோம். பெயர் எழுதப்படாத மேடுகளும் அதே தோட்டத்தில் உண்டு. மல்லச்சந்திரத்து மூடுகல் ஒருவரால் தூக்கக்கூடியதன்று. அதற்குப் பல கைகள் சேர வேண்டியிருந்தது.