இடிந்தது எது? எஞ்சியது எது?

பீகாரில், ராஜகிருஹ மலைகளுக்கு வடக்கே, வயல்வெளிகளின் நடுவே நாளந்தாவின் செங்கல் சுவர்கள் நிற்கின்றன. அகழ்ந்தெடுக்கப்பட்டவை பதினொரு விகாரைகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு முற்றம். அதைச் சுற்றிச் சிறுசிறு அறைகள். ஒரு துறவி படுக்கவும் அமர்ந்து பயிலவும் போதுமான இடம், அவ்வளவுதான். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், குப்தர் காலத்தில் தோன்றிய அம்மடம் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கல்வியும் தவமும் தழைத்த இடம். இன்று அந்த அறைகளுக்குக் கூரையில்லை.

அங்கே செல்வோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லித் திரும்புகின்றனர். 'எல்லாம் அழிந்துவிட்டதே!' என்பது ஒன்று. 'கட்டடம்தானே இடிந்தது, ஞானத்திற்கு ஏது அழிவு?' என்பது மற்றொன்று. முன்னது துயரம், பின்னது ஆறுதல். இரண்டுமே முழு உண்மை அல்ல என்பதை நாளந்தாவின் வரலாறே காட்டுகிறது.

நாளந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கியவர்களுள் தர்மபாலர் ஒருவர். அவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். தர்மபாலரின் சீடர் சீலபத்திரர். சீலபத்திரரின் முதுமையில் அவரிடம் பயின்றவர் யுவான் சுவாங். அவர் 657 நூல்களுடன் 645-ஆம் ஆண்டில் சீனம் திரும்பினார். 664-இல் மறையும்வரை அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். வசுபந்துவின் முப்பது காரிகைகளுக்குத் தர்மபாலர் செய்த உரையின் சமஸ்கிருத மூலம் இன்று கிடைக்கவில்லை. யுவான் சுவாங் சீன மொழியில் தொகுத்த நூலின் வழியாகவே அதன் கருத்துகளை உலகம் அறிகிறது. காஞ்சியில் பிறந்த ஒருவரின் சிந்தனையை அறிய இன்று சீனமொழி நூலை நாட வேண்டியிருக்கிறது!

ஆகவே, 'ஞானத்திற்கு அழிவில்லை' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. உண்மைக்கு அழிவில்லை, ஐயமில்லை. ஆனால் அவ்வுண்மையை மனிதன் சென்றடையும் வழி அழியக்கூடியது. சொல், விளக்கம், பயிற்சி, கற்பிக்கும் ஆசான் ஆகியவை சேர்ந்ததே அவ்வழி. யாரேனும் ஒருவர் சுமந்து சென்றால் அது நிலைக்கும். சுமப்பவர் இல்லையேல் மறையும்.

இதை இன்னும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாளந்தா பெரும் தாக்குதலுக்கு உள்ளாகிச் சிதைந்த பிறகு, 1235-ஆம் ஆண்டளவில் திபெத்திலிருந்து தர்மஸ்வாமி என்ற துறவி அங்கே வந்தார். அவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. தொண்ணூறு வயது கடந்த ராகுல ஸ்ரீபத்திரர், எழுபது மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பதை அவர் கண்டார். அவர்களை ஆதரித்து வந்தவர் ஜயதேவர் என்ற அந்தண இல்லறத்தார். அவர் சிறைப்பட்டார். படைவீரர்கள் குருவைக் கொல்ல வரவிருக்கிறார்கள் என்று சிறையிலிருந்தே அவர் எச்சரிக்கை அனுப்பினார். மாணவர்கள் சிதறி ஓடினர். முதியவர் நகரவில்லை, 'நீயும் போய்விடு' என்று தர்மஸ்வாமியிடம் கூறினார். அவர் மறுத்தார். கொஞ்சம் உணவையும் சில நூல்களையும் எடுத்துக்கொண்டு, குருவை முதுகில் சுமந்து அருகிலிருந்த ஓர் ஆலயத்திற்குச் சென்று மறைந்திருந்தார். ஆபத்து நீங்கியதும் பாடம் தொடர்ந்தது.

அன்று நாளந்தா எங்கே இருந்தது? செங்கல் சுவர்களுக்குள் அன்று. ஒரு சீடனின் முதுகில் இருந்தது. 

ஆனால் அவர் சுமந்ததனால் மடம் பிழைத்ததா என்றால், இல்லை. அந்த முதியவரின் காலத்திற்குப் பின் அவ்விடம் மெல்ல மண்மூடிப் போயிற்று. அப்படியானால் அவர் செய்தது வீணா? கடமையின் மதிப்பை முடிவைக் கொண்டு அளப்பவருக்கு அது வீண்தான். கர்மயோகி அவ்வாறு அளப்பதில்லை. எட்டு நூற்றாண்டுகளைக் காப்பாற்றும்படி யாரும் தர்மஸ்வாமியிடம் கேட்கவில்லை. அவர்முன் இருந்தவர் ஒரு முதியவர். முடிக்க வேண்டியிருந்தது ஒரு பாடம். அந்த அளவே அவரது கடமை. அதை அவர் முழுமையாகச் செய்தார்.

அண்மைக் காலத்திலும் இதைக் காணலாம். 1886-இல் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தபின், இளந்துறவிகள் ஒன்றுகூடிய வராகநகர மடம் ஒரு பாழடைந்த வீடு. பேய் நடமாடும் வீடென்று பிறர் ஒதுக்கியதால்தான் அது குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. வாடகை தந்து உதவியவர் சுரேந்திரநாத் மித்ரர் என்ற இல்லறத்தார். அந்த வீடும் பின்னாளில் இடிந்துபோயிற்று. ஆனால் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட துறவு இடியவில்லை. நாளந்தாவில் மடத்தின் முடிவு இடிபாடுகளிடையே நிகழ்ந்தது. வராகநகரத்தில் இடிபாடுகளிடையே ஒரு மடம் தொடங்கியது.

இரு இடங்களிலும் துறவியருக்குப் பின்னால் ஓர் இல்லறத்தார் இருந்தார் என்பது நம் சிந்தனைக்குரியது. ஜயதேவர் நூல் எழுதியவரல்லர். சுரேந்திரர் உரை நிகழ்த்தியவரல்லர். கற்பவர்களும் கற்பிப்பவர்களும் வாழ வழி செய்தார்கள், அதுவும் சுமத்தலே.

நாளந்தாவின் கூரையற்ற அறைகள் முன் நிற்கும்போது, 'அழித்தவர் யார்?' என்ற கேள்வி எழுவது இயல்பு. வரலாறு அதற்கு விடை தேடட்டும். ஆன்ம சாதகனுக்கு உரிய கேள்வி வேறு. தாய்தந்தையரிடமும் குருவிடமும் பெற்றவற்றுள் எதை நாம் நாள்தோறும் பயில்கிறோம்? எதை அடுத்தவருக்குக் கற்றுத் தருகிறோம்? படையெடுப்பு எதுவும் இல்லாமலேயே, பயில்வார் இன்றி ஒரு மடம் நம் வீட்டிற்குள் இடிந்துவிடக் கூடும். அதைத் தாங்கி நிற்க இன்று ஒருவர் முதுகு கொடுத்தால் போதும்.