இருபதில் எட்டு

95 அடித்தவருக்கு முதல் பரிசு, 78 அடித்தவருக்கு இரண்டாவது. கோல்ஃபில் எவ்வளவு குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற மட்டில் எனக்கும் தெரியும். அப்படியானால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். முள்ளிப்பட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி நின்றுவிட்டது. பிள்ளைகள் செய்யாறு பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நான் ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் போனது சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு, புல் வெட்டும் வேலைக்கு. வாரக் கடைசியில் அங்கே போட்டி நடக்கும். முடிவுகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதைச் செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவைப்பது அவருக்கு ஒரு வேடிக்கை. மாதாந்திர மெடல், மூத்தோர் பிரிவு, குழிக்கு மிக அருகில் பந்தைப் போட்டவர், ஆக நீளமாக அடித்தவர் என்று ஒரு பரிசுப் பட்டியலே இருக்கும். ஏதாவது ஒன்றில் பெயர் வராமல் வீட்டுக்குப் போகிற உறுப்பினர் அதிகம் இருக்க மாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தலைகீழ் கணக்குக்குக் காரணம் ஹேண்டிகேப். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவர் திறமைக்கேற்ப ஓர் எண் உண்டு. 95 அடித்தவரின் எண் 24, கழித்தால் 71. 78 அடித்தவரின் எண் 5, கழித்தால் 73. நோட்டீஸ் போர்டில் ‘நெட்’ என்று போடுவது இந்தக் கழித்த கணக்கைத்தான். பணக்காரர்கள் தங்களுக்குள் ஒருவர் மனம் நோகாமல் பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். கொல்கத்தாவில் 1829-லும் கொடைக்கானலில் 1895-லும் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்துவைத்த கிளப்புகள். அவர்கள் போன பிறகும் உள்ளே யார், வெளியே யார் என்ற கோடு பெரிதாக நகரவில்லை. 2024-இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டபோதுதான், அந்த வளையத்துக்குள் ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது ஊரில் பலருக்குத் தெரியவந்தது.

ஆனால் கணக்கெழுதுகிறவனுக்கு ஓர் எண்ணைக் கண்டால் அது எப்படி வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

2020-இல் உலகம் முழுமைக்கும் பொதுவாக ஒரு ஹேண்டிகேப் முறை வந்தது. ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். அந்த இருபதில் மிக நன்றாக ஆடிய எட்டை மட்டும் வைத்துக்கொண்டு சராசரி போடுவார்கள். மிச்சம் 12 ஆட்டம் கணக்கில் கிடையாது. பந்தைக் குளத்தில் விட்டது, மணலில் கிடந்து திணறியது, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஆடியது எல்லாம் அந்தப் பன்னிரண்டில் போய்விடும். எட்டு நல்ல நாள்தான் அந்த ஆள்.

ஒரு மனிதனை எந்த நாளை வைத்து அளப்பது என்பது எங்கள் தெருவில் தினம் நடக்கிற வழக்கு. அப்பா புடவை நெய்து முடித்து, அறுத்து மடித்து, முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகும்போது சின்ன வயதில் நானும் கூடப் போவேன். பாயில் விரித்து, முந்தானையிலிருந்து கை வைத்துத் தடவிக்கொண்டே வருவார்கள். பிறகு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்குவார்கள். ஐந்தரை மீட்டரில் ஓர் இடத்தில் இழை விட்டிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். கரை சுத்தமாக விழுந்திருக்கும், புட்டா ஒன்று போல இருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்த விரல் நின்ற இடத்துக்குத்தான் கூலியில் பிடித்தம். அதிலும் அடுத்த பாவு கொடுக்கும்போது பேச்சு எங்கே ஆரம்பிக்கும் என்கிறீர்கள்? போன தடவை இழை விட்டீரே, அதிலிருந்துதான்.

முதலாளியை மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் இதே விரல்தான் வேலை செய்கிறது. அத்தை கல்யாணத்தில் சித்தப்பா குடித்துவிட்டு வந்து பந்தலில் சத்தம் போட்டது ஒரே ஒரு ராத்திரி. அதற்கு முன்னும் பின்னும் அவர் எத்தனை பேருக்கு ஓடி ஓடி உதவி செய்தார் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. அவர் பேரை எடுத்தால் இன்றைக்கும் பந்தல்தான்.

கோல்ஃப் உலகத்திலும் இந்த வியாதி உண்டு. ராபர்டோ டி விசென்சோ என்று அர்ஜென்டினாக்காரர் ஒருவர். வாழ்நாளில் 200-க்கும் மேற்பட்ட போட்டிகளை வென்றவர். 1967-இல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். அடுத்த வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அன்றைக்கு அவருக்கு 45-ஆவது பிறந்தநாளும்கூட. 65 அடியில் பிரமாதமாக ஆட்டத்தை முடித்தார். கோல்ஃபில் நம் கணக்கைக் கூட ஆடுகிறவர் எழுதுவார், நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழாவது குழியில் அவர் அடித்தது 3. கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார். இவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட கணக்கு அதிகமாக இருந்தால் அதுவே நிற்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று மறு ஆட்டம் ஆட வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். இத்தனை கோப்பை வாங்கிய மனிதரைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் அந்த 4-தான் முதலில் வருகிறது. நானும் அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொழில்முறை ஆட்டத்தில் ஹேண்டிகேப் கிடையாது. அன்றைக்கு என்ன அடித்தீர்களோ அதுதான். டெல்லி கோல்ஃப் கிளப்பில் அடுத்தவர் பையைத் தூக்கி நடந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். யாரும் அவருக்கு ஓர் அடி கூடத் தள்ளிக் கொடுக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தார். 2021 ஆகஸ்ட் 7. அன்றைக்குக் காலையில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்கியதும் அதிதியை விட்டுவிட்டார்கள். பிழைப்புக்கும் பதக்கத்துக்கும் ஆடுகிற இடத்தில் ஒரு நாள்தான் கணக்கு, அதை மாற்ற முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு எட்டு நல்ல நாளும், கூலிக்கு நெய்கிறவனுக்கு ஒரு கெட்ட நாளும் என்று பிரித்து வைத்தது யார் என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. மழை பெய்தோ காற்று வீசியோ ஒரு நாள் எல்லாருடைய ஆட்டமும் வழக்கத்தைவிட மோசமாகிவிட்டால், ஹேண்டிகேப் முறை அதைத் தானே கண்டுபிடித்து, அன்றைய கணக்கைச் சரிக்கட்டிவிடும். மைதானம் கடினமாக இருந்தது, ஆள் மேல் தப்பில்லை என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் கால் வைத்தால் ஊற்று மாதிரி ஈரம். பாவு ஈரத்தைக் குடித்து நூல் நூலோடு ஒட்டும். விலக்கி விலக்கி நெய்ய வேண்டும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் வேலை மந்தமாகும். அதைப் பார்த்து எந்தக் கணக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டதில்லை.

இதையெல்லாம் கேட்டால் கோல்ஃப் கிளப்பில் மனிதனை மன்னித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. நல்ல எட்டு நாளின் சராசரியே உங்கள் அளவு என்றால், சாதாரண நாளில் உங்களால் அதைத் தொட முடியாது. நாலைந்து ஆட்டத்தில் ஒரு தடவைதான் ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்குத் தக்கபடி ஆடுவார் என்கிறார்கள்; மற்ற நாளெல்லாம் தன் அளவுக்குத் தானே குறைந்துதான் வீடு திரும்ப வேண்டும். ஒரு குழியில் கொட்டித் தீர்த்த அடிகளை ஓர் எல்லைக்கு மேல் சேர்க்க மாட்டார்கள் என்பது நிஜம். ஆனால் ஒரு வருஷத்தில் நீங்கள் தொட்ட சிறந்த எண்ணிலிருந்து எவ்வளவு மோசமாக ஆடினாலும் 5-க்கு மேல் ஏற விடவும் மாட்டார்கள். உன்னால் இது முடியும் என்று ஒரு தடவை காட்டிவிட்டாய், இனி முடியாது என்று சொல்லாதே என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சித்தப்பாவுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பந்தல் ராத்திரி பன்னிரண்டில் போய்விடும், சந்தோஷம். ஆனால் என் தங்கை பிரசவத்துக்கு நடுராத்திரியில் வேலூருக்கு வண்டி பிடித்துக்கொண்டு ஓடிய சித்தப்பாதான் சித்தப்பா என்று வைத்துவிட்டால், அடுத்த அவசரத்துக்கும் நாங்கள் அவரைத்தான் எழுப்புவோம். எப்போதாவது வர முடியவில்லை என்றால் முணுமுணுப்போம். கெட்ட நாளை வைத்து அளக்கப்பட்டவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அவரே அந்தப் பந்தல் பேச்சை மறுக்காமல் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவது இதனால்தானோ என்னவோ.

அந்த நிம்மதியைக் கோல்ஃபிலும் தேடுகிறவர்கள் உண்டு. அண்ணன்தான் சொன்னார்: சில பேர் சாதாரண நாளில் வேண்டுமென்றே சொதப்புவார்களாம், நன்றாக ஆடிய ஆட்டத்தை எழுதாமல் விடுவார்களாம். எண் பெரிதாகும், பெரிய போட்டியன்று திடீரென்று நெட் கணக்கில் கோப்பையைத் தூக்கலாம். புல் வெட்டுகிறவர்களுக்கும் பை தூக்குகிறவர்களுக்கும் இது யார் யார் என்று அத்துப்படி. கமிட்டிக்கும் தெரியும். ஆனால் மனிதனால் கெட்ட நாளைப் பொய்யாகச் செய்துகாட்ட முடிகிறது. நல்ல நாளைப் பொய்யாக ஆட முடிகிறதா? எட்டை மட்டும் எடுப்பதில் அந்த ஜாக்கிரதையும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அந்த முறையோடு எனக்கு ஒத்துப்போகாதது ஒன்று உண்டு. 20 ஆட்டத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் முன்னால் நடந்தது எதுவானாலும் அதற்கு வேலை இல்லை. அப்பா நாற்பது வயதில் நெய்த கோர்வைக் கரையை இன்றைக்கும் பக்கத்து ஊர்களில் பேசுவார்கள். இப்போது கண் மங்கிவிட்டது. ஜரிகை இழை கைக்குத்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருடைய கடைசி இருபதில் எந்த எட்டை எடுத்தாலும் அந்தப் பழைய கை வராது. நல்ல நாளை வைத்துத்தான் அளப்போம் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு அந்த நல்ல நாளுக்குக் கெடு வைப்பது என்ன நியாயம்?

அப்பாவிடமே கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் வரவில்லை. “இப்ப என்ன நெய்யறனோ அதுக்குத்தானடா கூலி. அப்ப நெய்ததுக்கு அப்பவே வாங்கிட்டனே” என்றார். பிறகு அந்த எட்டு, பன்னிரண்டு சங்கதியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“தள்ளிடறாங்களே, அந்தப் பன்னண்டு ஆட்டத்துக்கும் காசு கட்டணுமா?”

கட்டித்தான் ஆக வேண்டும் என்றேன்.

“அப்ப சரி” என்று அடுத்த தாரை எடுத்துப் பொருத்தினார்.