மோர் முதல் லேகியம் வரை
தமிழ் மரபு ஆண்டை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட 6 பருவங்களாகப் பகுத்தது. வீட்டுப் பழக்கங்களும் கூடவே மாறின. சித்திரையில் குடிநீர் மண்பானைக்குப் போகும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான். காற்றில் ஈரம் மிகுந்த சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரண்டுமே மந்தப்படும். அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் கைகொடுக்கும். வியர்வையோடு போகும் உப்பை நீர்மோர் ஓரளவு ஈடுகட்டுகிறது. கடைக் குளிர்பானத்தில் சர்க்கரைதான் மிச்சம். ஐப்பசி அடைமழையில் மோர் ஒதுங்கி, மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் அடுப்பேறும். தீபாவளிப் பலகாரத்துக்குத் துணையாகச் சுக்கு, திப்பிலி, ஓமம் சேர்த்து லேகியம் கிண்டுவார்கள். கிணற்றில் மழைநீர் கலக்கும் அந்த மாதங்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது கட்டாயம்.