சொல் யாருக்கு உரியது?

சொற்களுக்குப் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, சில வேளைகளில் தலைகீழ் மாற்றமும் உண்டு. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று நம் பேச்சில் தீய மணத்தையே குறிக்கின்றது. முன்னாளில் அறிவின்மையைச் சுட்டிய ஆங்கில 'நைஸ்' இன்று இனிமையைச் சுட்டுகின்றது. நூற்றாண்டுகள் மெல்ல விளைத்த இம்மாற்றங்களுக்காக நாம் எவரையும் நோவதில்லை. ஆயின், எல்லா மாற்றங்களும் இங்ஙனம் குற்றமற்றவைதாமா?

'வோக்' என்னும் கொச்சைச் சொல்லை எண்ணிப் பார்ப்போம். விழித்திருத்தல் என்ற பொருளில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கிய சொல் அது. 1931இல் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர்மீது பொய்யாகப் பாலியல் குற்றம் சுமத்தப்பட்டது. அதுபற்றிய பாடலை 1938இல் பதிவு செய்த லெட் பெல்லி, அம்மாநிலத்தின் வழியே செல்லும் தம் மக்களை விழிப்போடிருக்குமாறு இச்சொல்லாலேயே எச்சரித்தார். ஆண்டு அயர்ந்திருத்தல் உயிருக்கே கேடாயிற்று.

கறுப்பினத்தார் படைத்த கொச்சைச் சொற்கள் வெள்ளையர் நாவில் ஏறியதும், படைத்தோர் வேறு சொல் நாடுவதை 1962இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுத்தாளர் வில்லியம் மெல்வின் கெல்லி விளக்கினார். 2014இல் ஃபெர்குசன் நகரக் கிளர்ச்சிக்குப் பின் இச்சொல் நாடெங்கும் பரவிற்று. 2017இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இப்பொருளை ஏற்றது. பின்னர் அதுவே ஏளனச் சொல்லாயிற்று. 2022இல் புளோரிடா மாநிலம் இயற்றிய சட்டமொன்றின் வழக்குப்பெயரில், தடுத்து நிறுத்தப்பட வேண்டியதாகவே அது இடம்பெற்றது.

மொழி பொதுவுடைமை, சொல்லுக்குக் காவலர் எவரும் இலர் என்பர். உண்மையே. அச்சொல்லை வெறும் அணியாகப் பூண்டோரும் உளர். அவர்தம் போலித்தனத்தைக் கண்டிப்பதும் தகும். எனினும், போலியைக் கண்டிப்பது வேறு. துன்புற்றோர் தம் ஆபத்தை உணர்த்தும் சொல்லையே நகைப்பிற்கு இடமாக்குவது வேறு. முன்னது ஒருவரைத் திருத்த முயல்கின்றது. பின்னது பலரின் வாயை அடைக்கின்றது.

ஆதலின், ஒரு சொல்லை நாம் கையாளும்போது அதன் இன்றைய பொருளை அறிதல் மட்டும் போதாது. இப்பொருளால் எவருடைய குரல் தாழ்கின்றது என்றும் வினவுதல் வேண்டும். அகராதி வழக்கைப் பதிவு செய்யும். அவ்வழக்கிற்கு விடை கூறும் கடமையோ பேசும் நம்மைச் சார்ந்தது.