ஏற்றமும் வினையும்

யாழ்ப்பாணத்தானுக்கு ஏற்றம் என்றால் பாலம்தான். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த புதிதில், அதில் சைக்கிளை உழக்கி ஏறியதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கீரிமலையில் மலை பெயரோடு சரி. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் தட்டை. இங்கே சைக்கிள்காரனுக்கு எதிரி காற்றுத்தான். சோளகம் எழும்பிவிட்டால் பண்ணைப் பாலத்தில் தீவுப்பக்கம் போகிறவன் பாடு பெரும்பாடு.

இந்தத் தரையில் வளர்ந்த நாங்கள் சிலர் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏறுவதென்று தீர்மானித்தோம். நான் பள்ளிக்கூடத்தில் சைவநெறியும் இந்து நாகரிகமும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். மற்றவர்கள் என்னிடம் படித்த பெடியள். பெடியள் என்று சொன்னாலும் இரண்டொருவருக்குத் தலை நரைத்துவிட்டது. வெளிக்கிடும்போது மனுசி கேட்டா, "என்ன, நேத்தியே?" இல்லை என்றேன். "அப்ப என்ன விசருக்கு?"

அவ கேட்டது சமயக் கேள்வி. நேர்த்தி என்றால் அவவுக்கு விளங்கும். நல்லூரில் வெயிலுக்குள் பிரதட்டை உருளுகிறவனை, செடில் குத்திக் காவடி எடுக்கிறவனை, செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரமாக நடந்தே போகிறவர்களை யாரும் விசர் என்பதில்லை. உடம்பை வருத்துவதற்கு ஒரு முகவரி இருந்தால் போதும், ஊர் ஏற்றுக்கொள்ளும். முகவரி இல்லாத வருத்தத்தை என்னவென்று சொல்வது?

றம்பொடைக்கு அங்காலேதான் அந்தக் கேள்வி உறைத்தது. கம்பளையை விட நுவரெலியா 1,300 மீற்றருக்கு மேல் உயரம். புசல்லாவை மட்டும் கதைத்துப் பேசிக்கொண்டு வந்த கூட்டம் றம்பொடை அருவியைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டது. வளைவுக்கு மேல் வளைவு. கியரைக் கடைசிப் பல்லுக்கு இறக்கியாயிற்று. இனி இறக்க ஒன்றுமில்லை. வியர்வை கண்ணுக்குள் வழிந்தாலும் துடைக்கக் கை எடுக்க முடியாது, எடுத்தால் சில்லு தெருவின் நடுப்பக்கம் இழுக்கும். எங்கள் ஊர்த் தெருவில் என்றால் களைத்தவனின் தோளில் கை போட்டு, பக்கத்தில் உழக்குகிறவன் இழுத்துக்கொண்டு போய்விடலாம். இங்கே ஒருவன் என் முதுகில் கை வைத்துப் பார்த்தான். இரண்டு பேரும் விழப் பார்த்தோம். மேலே போய்க் காத்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் ஒருவர் ஒருவருக்குச் செய்யக்கூடியது.

அந்த வளைவுகளில் பூ விற்கும் பையன்கள் நிற்பார்கள். கீழே இறங்குகிற வான் ஒன்று பூ வாங்காமல் போனால், பையன் தேயிலைக்குள்ளால் செங்குத்தாகக் குதித்து ஓடி அடுத்த வளைவில் அதற்கு முன்னே நிற்பான். அங்கேயும் வாங்காவிட்டால் அதற்கும் அடுத்த வளைவு. விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்ப மேலே ஏறத்தான் வேண்டும். எங்களைக் கடந்து அப்படி ஏறிப் போன ஒருவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

லபுக்கலைக்குக் கிட்ட ஒரு மதகில் குந்தியிருந்தோம். மேல் மலையிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள் நிறுவைக்கு இறங்கி வந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் தொங்கவிட்ட கயிற்றில் முதுகுப் பை நிறையக் கொழுந்து. ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார். "எங்கேருந்துங்க ஐயா?" யாழ்ப்பாணம் என்றேன். "பஸ்ஸு ஓடுதுங்களே, ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?" எங்கள் ஆள் ஒருவன் "சும்மா ஒரு ஆசைக்கு அக்கா" என்றான். "ஆசைக்கா!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். அவருக்கு நின்று கதைக்க நேரமில்லை. நிறுவை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம்.

அவர் போன பிறகு, உயர்தரத்தில் என்னிடம் இந்து நாகரிகம் படித்தவன் பகிடியாகச் சொன்னான்: "சேர், அவ பிராரத்தத்தை நுகர்ந்து கழிக்கிறா. நாங்கள் காசு குடுத்து ஆகாமியம் சேர்க்கிறம்."

விடைத்தாளில் எழுதியிருந்தால் புள்ளி போட்டிருப்பேன். முன்னை வினையில் இப்பிறப்புக்கென்று வந்தது பிராரத்தம், அதை நுகரும்போது புதிதாகச் சேர்வது ஆகாமியம். 'நான் ஏறினேன்' என்ற எண்ணத்தோடு ஏறினால் அதுவும் கணக்கில் ஏறும். எங்களைப் பற்றி அவன் சொன்ன பாதி சரி. அந்தப் பெண்ணைப் பற்றிய பாதிதான் தொண்டையில் நின்றது. அவருடைய முன்னோர் கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்தவர்கள். நடந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் அனேகம். 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வர 2021 ஆயிற்று. இதிலே எந்த வரி பிராரத்தம், எந்த வரி மனிதர் கையெழுத்து வைத்தது?

வினை என்றதும் அம்மாவின் ஞாபகம் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது சைக்கிள் இருந்தும் ஓட்ட இடமில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலம் மட்டும் உருட்டினோம். கரியரில் அம்மா, ஹான்டிலில் இரண்டு பை, பாரில் சுருட்டிய பாய். சனம் நெருக்கி நெருக்கி, ஓர் அடி வைத்து அடுத்த அடிக்குக் காத்து நின்றோம். அம்மா வழி முழுக்க "எல்லாம் என்ர வினை" என்று சொல்லிக்கொண்டே வந்தா. அந்தச் சொல் அவவைக் கரியரில் நிமிர்த்தி இருத்தியது. யாரோ எங்கோ இருந்து துரத்த ஓடும் ஆளாக அவ தன்னை நினைக்கவில்லை. தன் கணக்கைத் தானே தீர்க்கும் ஆளாக நினைத்தா. சில காலம் கழித்து ஒரு கோயில் மண்டபத்தில் பிரசங்கி ஒருவர் அந்த இடப்பெயர்வையே "இது எங்கட சனத்தின்ர வினை" என்றார். அம்மா எழும்பி வெளியே போய்விட்டா.

அம்மா ஏன் எழும்பினா என்பது எனக்கு அந்த மதகில்தான் பிடிபட்டது. வினையைத் தன்னைப் பற்றி மட்டுமே ஒருவர் சொல்லலாம். 'என் வினை' என்பது பொறுமை. 'உன் வினை' என்பது கைகழுவல். வள்ளுவர் தவத்துக்கு உருவம் சொன்னபோது, தனக்கு வந்ததைப் பொறுப்பதோடு பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்துத்தான் சொன்னார். நாங்கள் முதற் பாதியை எடுத்து, அதையும் மற்றவனுக்கே உபதேசிக்கிறோம்.

பெடியனுக்கு இதைச் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்ப பிரதட்டை உருளுறதும் பிழையோ சேர்?"

பிழை என்று நான் சொல்லமாட்டேன். உருளுகிறவன் தன் பிள்ளைக்காகவோ தன் நோய்க்காகவோ தானே வைத்த நேர்த்தி அது. அதோடு, உருளுகிறவனைச் சுற்றி ஊர் என்ன செய்கிறது என்றும் பார்க்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வீதியில் மணல் பரப்புகிறோம். வாகனத்தை மறிக்கிறோம். உருளுகிறவனின் சொந்தக்காரன் முன்னே குனிந்து போய்க் கல்லைப் பொறுக்கி எறிவான். அவன் வினையை அவனே முழுக்க நுகரட்டும், கல்லை விட்டுவிடு என்று ஒருவரும் சொல்வதில்லை. தானாக விரும்பி உருளுகிறவனுக்கு இவ்வளவும் செய்கிற நாங்கள், விரும்பாமல் சுமக்கிறவளிடம் மட்டும் சித்தாந்தத்தோடு போகிறோம்.

"சேர், கால் பிடிக்கமுன்னம் ஏறுவம்" என்றான் நரைத்த தலைக்காரன். இன்னும் ஏற்றம் மிச்சம் இருந்தது.