செலவு யாருடையது, பலன் யாருடையது?

“பயோகெமிஸ்திரி படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?” என் தங்கைக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் இடம் கிடைத்ததிலிருந்து, சுங்காயில் எங்கள் சொந்தக்காரர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. எனக்கு இயந்திரப் பொறியியல் கிடைத்தபோது ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை. ‘இன்ஜினியர்’ என்ற சொல்லே பதிலாகிவிட்டது. என் சீனியர்கள் வேலைக்கு அலையும் பாட்டைப் பார்த்தால், என்னிடமும் கேட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

கேள்வி தப்பில்லை. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செலவு எவ்வளவு? பலன் எவ்வளவு? இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் பலனைப் பார்ப்போம். உயிர்வேதியியல் பட்டம் ஒரே ஒரு வேலைக்கு நேராகக் கொண்டுபோய் விடுவதில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் இந்தத் துறைக்கு அறிவியல் அதிகாரிகள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலிலும் இத்துறை இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்காது. சிலர் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுக்குப் போவார்கள், சிலர் ஆய்வுக்கூடக் கருவி விற்பார்கள், சிலர் முதுகலை படிப்பார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

அதற்காக இது ‘ஒன்னுக்கும் உதவாத படிப்பு’ என்பதும் உண்மையில்லை. நம் தாத்தா பாட்டி வெட்டிய ரப்பர் பாலை ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தார்கள். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதத்தின் மின்னேற்றத்தை அமிலம் போக்குவதால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. இன்று அதே நிலத்தில் செம்பனை. வெட்டிய குலையைச் சீக்கிரம் ஆலைக்கு ஏற்றாவிட்டால், பழத்துக்குள் இருக்கும் லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துத் தரத்தைக் குறைத்துவிடும். வீட்டுக்கு வீடு இருக்கும் இனிப்புநீருக்கு எடுக்கும் ‘எச்பிஏ1சி’ பரிசோதனை, சுமார் மூன்று மாதச் சர்க்கரை அளவை ரத்தச் சிவப்பணுவிலிருந்து படித்துச் சொல்கிறது. இவ்வளவும் உயிர்வேதியியல்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு அந்நியமில்லை.

இங்கேதான் சிலர் கீதையை இழுப்பார்கள். “பலனை எதிர்பார்க்காம படி, மத்ததை ஆண்டவன் பாத்துக்குவான்.” கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொன்னது, உன் செயலின் பலனில் நீ பற்று வைக்காதே என்பது. அது செயலைச் செய்பவனுக்கான அறிவுரை. என் படிப்புக்காக அப்பா இரவு வேலை பார்க்கும்போது, அம்மா நகையை அடகு வைக்கும்போது, ‘நான் பலனை எதிர்பார்க்கவில்லை’ என்று நான் சொன்னால் அது பற்றின்மை ஆகாது. பலனை விடுவது என் உரிமை. அடுத்தவர் தோளில் செலவை ஏற்றுவது என் உரிமையில்லை.

ஆகவே என் முடிவு இதுதான்: பலனைத் தளர்வாகப் பிடி, செலவை இறுக்கமாகக் கணக்குப் போடு. பலன் நாளைக்கு, அதுவும் பெரும்பாலும் எனக்கு. செலவு இன்றைக்கு, அதுவும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு.

ஒரு கணக்கு. தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில், அதாவது பிடிபிடிஎன்-இல், 24,000 வெள்ளி கடன் எடுத்துப் பத்து ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தை விட்டுவிட்டால் மாதம் 200 வெள்ளி. மிக மோசமான நிலையில் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளிக்கே வேலை கிடைத்தாலும், இபிஎஃப் போக ஏறக்குறைய 1,500 கையில் வரும். கஷ்டம்தான், ஆனால் கட்டலாம். அதே படிப்புக்குத் தனியார் கல்லூரியில் 80,000 வெள்ளி கடன் என்றால் மாதம் 667. அந்தச் சம்பளத்தில் முடியவே முடியாது. படிப்பு ஒன்றுதான், ஒன்று தாங்கும் சுமை, மற்றது குடும்பத்தை அழுத்தும் சுமை.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நம் பேராக்கைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். எவ்வளவு லாபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று தெரிந்திருந்தது. அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கின.

நம் மரபு மனிதன் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறான் என்கிறது: தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, முன்னோர்களுக்கு. ரிஷிகளுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வழி கற்பது. கற்கும் ஆசையும் கடன்தான், பெற்றோர் சுமையும் கடன்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்க முடியாது.

தம்பி, தங்கைகளே, விண்ணப்பம் நிரப்பும் முன் அப்பா அம்மாவோடு ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்காருங்கள். மிகக் குறைந்த சம்பளத்திலும் கட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியும் என்றால் பிடித்ததைத் தைரியமாகப் படியுங்கள். வேலை கிடைத்ததும் கடனை ஒழுங்காகக் கட்டுங்கள். அடுத்து ஒரு பிள்ளை வரிசையில் நிற்கிறது.