அளவெடுத்துச் செய்ததன் விலை

கடையில் இருக்கும் பொருளுக்கு ஒரு விலை உண்டு. அது நியாயமானதா என்பதை நாலு கடை ஏறி இறங்கினால் அறிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சுவருக்கென, ஒரு குறிப்பிட்ட மூலைக்கென அளவெடுத்துச் செய்யப்படும் அலமாரிக்கு விலை எது? அதைப் போன்ற இன்னொன்று எந்தக் கடையிலும் இல்லை. சொன்னவர் வேண்டாமென்று விட்டுவிட்டால், அதை வாங்க வேறொருவரும் வரப்போவதில்லை. சொல்பவர், செய்பவர் ஆகிய இருவரின் மனச்சான்றைத் தவிர அங்கே வேறு தராசு இல்லை. கோயில் கட்டும் பங்குத் தந்தையும், பள்ளி நடத்தும் அருட்சகோதரியும், வாழ்நாளில் ஒரு முறை வீடு கட்டும் குடும்பத் தலைவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். கணக்கேட்டின் கேள்வி என்று எண்ணி நாம் அதைக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அது அறநெறியின் கேள்வி.

ஏற்காட்டு மலையில் இக்கேள்வி மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 5,326 அடி உயரமுடையது. அங்கிருந்து இறங்கும் சரிவுகளில் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்குக் குடை பிடிப்பதுபோல் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களும் நிற்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இம்மலைக்குக் கொண்டுவந்தார். சில்வர் ஓக்கின் தாயகமோ ஆஸ்திரேலியாவின் கீழைக்கரை. பெயரில் ஓக் என்றிருப்பினும் அது ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நின்று, முதிர்ந்தபின் அது பலகையாகிறது. தேக்கின் வைரம் அதற்கில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் வாசற்கதவுக்கு அது ஆகாது. ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கும் மேசைக்கும் அது தாராளமாகப் போதும். நன்கு இழைத்தால் அதன் வரிகள் கண்ணைக் கவரும். மலைப்பகுதிகளில் மரங்களைக் காப்பதற்கென 1955-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் வெளியிட்ட ஆணை நாடெங்கும் காடழிப்புக்குக் கடிவாளமிட்டது. ஆகவே, இந்தப் பலகை முறையான அனுமதியோடு வெட்டப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் முதற்கடமை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாய்மூடி வாங்குபவர், கோடரி எடுத்தவரின் பங்காளியாகிறார்.

அடுத்து வருவது காலத்தின் கேள்வி. மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றின் ஈரத்தை உண்டு, உமிழ்ந்துகொண்டேயிருக்கிறது. ஈரத்தில் அகலவாட்டில் விரிகிறது; வறட்சியில் சுருங்குகிறது; நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதேயில்லை. சேலத்துக் கோடையில் கச்சிதமாகப் பொருந்திய இழுப்பறை, மலைமேல் மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பது இதனாலேதான். காற்றில் உலர்த்தும் பலகைக்கு ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு வேண்டும் என்பது பழைய கணக்கு. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து நின்று, பச்சை மரத்தில் உடனே செய்துகொடு என்று நெருக்குபவர், பின்னர் பிளந்த பலகைக்குத் தச்சரை மட்டும் குறைகூறுவது முறையாகுமா?

இவற்றையெல்லாம் மறந்துவிட்டு, மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததைத் தேர்ந்துகொள்வது நம் வழக்கம். அவ்வழக்கில் தவறில்லை, பொதுப் பணத்தைக் கையாள்பவருக்கு அது பாதுகாப்பும் கூட. ஆனால் மூன்று தாள்களிலும் 'அலமாரி ஒன்று' என்று எழுதியிருப்பதால் மட்டும் மூன்றும் ஒரே பொருளாகிவிடா. ஒருவர் உலர்ந்த வைரப் பலகையை எண்ணி விலை சொல்லியிருப்பார். மற்றவர் வெளிறிய பக்கப் பலகைக்குச் சாயம் பூச எண்ணியிருப்பார். ஒருவர் சட்டத்தின் முனையைச் செதுக்கி, மற்றச் சட்டத்தின் துளையில் செருகி இறுக்கும் மூட்டுக்குக் கூலி கணக்கிட்டிருப்பார். மற்றவர் நாலு ஆணியோடு முடித்துவிடுவார். இவ்விரண்டிலும் குறைக்காதவர் தம் உதவியாளின் கூலியிலோ தம் வயிற்றிலோ குறைத்திருப்பார். குறைந்த விலை வானத்திலிருந்து விழுவதில்லை. மரத்திலோ, மூட்டிலோ, மனிதரிலோ எங்கோ அது வெட்டப்பட்டிருக்கிறது. எங்கே என்று கேட்பதுதான் அறம்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சனையைப் பற்றித் தனியாக ஒரு கேள்வியே எழுப்பி ஆராய்கிறார். ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்பதும், மதிப்புக்குக் கீழ் வாங்குவதும் தம்மளவில் நீதியன்று என்பது அவர் கொள்கை. மேலும் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்குத் தனி இழப்பு ஏற்படுமாயின் அதையும் விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவரின் தனித் தேவையைக் காரணமாக்கி விலையை ஏற்றலாகாது. சந்தை விலை இல்லாத பொருளுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது. விலையின் வேர் செய்பவரின் உழைப்பிலும் செலவிலும் இருக்கவேண்டும். எதிரிலிருப்பவரின் அவசரத்தில் இருக்கலாகாது. கோயில் திறப்பு நாள் நெருங்கிவிட்டது என்றறிந்து தச்சர் விலையை உயர்த்துவதும், வீட்டில் அடுப்பெரியவில்லை என்றறிந்து நாம் விலையைத் தாழ்த்துவதும் ஒரே பாவத்தின் இரு முகங்கள்.

"அவரே ஒப்புக்கொண்டாரே, நான் கட்டாயப்படுத்தவில்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். இதற்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலிலேயே விடை உண்டு. இருவரின் ஒப்பந்தத்துக்கும் மேலாக இயற்கை நீதி ஒன்றிருக்கிறது. வறுமையோ அச்சமோ உந்தத் தொழிலாளி ஏற்றுக்கொள்ளும் கடுமையான நிபந்தனை, வன்முறைக்கு ஆளானவனின் இசைவே ஆகும் என்பது அதன் கருத்து. ஒப்புக்கொண்டான் என்பதனால் ஒரு விலை நீதியாகிவிடாது. தச்சர் செலுத்தும் விலை எல்லாம் தாளில் ஏறுவதுமில்லை. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் அறிவித்தது. நம் அலமாரியின் வழவழப்புக்காக ஒருவர் நாள் முழுதும் சுவாசிக்கும் தூள் எந்த விலைப்புள்ளியில் எழுதப்பட்டிருக்கிறது?

மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்கவேண்டும். காணிக்கைப் பெட்டியில் விழும் நாணயம் பெரும்பாலும் ஏழையின் நாணயம். அதைக் கணக்கின்றிச் செலவிடுவது தாராளமாகாது. பத்து வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டையும் முடிக்காத தச்சரும் நீதிக்குக் கட்டுப்பட்டவரே. தொழிற்சாலையில் செய்த அலமாரி போதுமான இடத்தில் அதை வாங்குவதும் குற்றமில்லை. பெருமைக்காகத் தேக்கு கேட்கிறோமா, தேவைக்காகக் கேட்கிறோமா என்பதும் வினவத்தக்கது. இறைவாக்கினர் எரேமியா, மன்னன் யோயாக்கிமைக் கடிந்துகொண்டதை நினைவுகூர்வோம். விசாலமான மாளிகைக்குக் கேதுருப் பலகை பொருத்தினான் அம்மன்னன். ஆனால் உழைத்தவர்க்குக் கூலி கொடுக்கவில்லை. கேதுரு இருந்தால் மட்டும் அரசனாகிவிடுவாயோ என்பதே இறைவாக்கினர் தொடுத்த கேள்வியின் சாரம்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. என்ன மரம், எத்தனை கனம், எவ்வகை மூட்டு, எந்தக் கீல் என்பதைப் படத்தோடு எழுதி மூவரிடமும் கொடுத்து, அதன்பின் விலை கேட்போம். மரத்துக்கு முன்பணம், கூடு எழும்பியதும் ஒரு பகுதி, பொருத்தி முடித்த அன்றே மீதி என்று முறை வகுப்போம். இடையில் நம் மனம் மாறி அளவை மாற்றினால், வீணான பலகைக்கும் நாளுக்கும் நாமே பொறுப்பேற்போம். ஏழைத் தொழிலாளியின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். குறைந்த விலை சொன்னவரிடம், "இது உமக்குக் கட்டுபடியாகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பேரம் பேசக் கற்ற நாவுக்கு அந்த ஒரு கேள்வி பழக்கமில்லாமல் இருக்கலாம், பழகிக்கொள்வோம்.

நாசரேத்தூர்ப் பட்டறையில் செய்யப்பட்ட பொருள் ஒன்றைக்கூட நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. எந்த வீட்டுக்குக் கதவு, என்ன கூலி, பாக்கி வந்ததா இல்லையா, எதுவும் நமக்குத் தெரியாது. ஊரார் அவரைத் தச்சர் என்று சொன்னார்கள் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. அதையும் அவர்கள் மதித்துச் சொல்லவில்லை, 'இவர் தச்சர்தானே' என்ற ஏளனத்தோடு சொன்னார்கள். "தச்சன்தானே, குறைத்துக் கொடு" என்று நம் வாசற்படியில் ஒலிக்கும் குரலுக்கும் அந்த ஏளனத்துக்கும் அதிகத் தொலைவில்லை. பட்டறையில் நிற்பவர் யார் என்று அன்று அவ்வூராருக்குத் தெரியவில்லை. நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.